பகடையை விட்டு ஓடிய உலகம்

அணுகுண்டு விழுந்து உலகம் சாம்பலான பிறகு முதலில் என்ன முளைக்கும்? ஃபால்அவுட்டின் வரலாற்றைப் பார்த்தால், வக்கீல் நோட்டீஸ்.

தொண்ணூறுகளில் இன்டர்பிளே நிறுவனத்தில் டிம் கெய்ன் இந்தக் கணினி விளையாட்டை எழுதத் தொடங்கியபோது, அடியில் ஓடியது ‘கர்ப்ஸ்’: நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாள், பென்சில், பகடையோடு கதையாடுவதற்காக ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்ட விதிமுறை. எந்த உலகத்துக்கும் பொருந்தும் என்பதுதான் அதன் பெருமையே. ஃபால்அவுட்டுக்கும் பொருந்தியது, உரிமைக்காரருக்குத்தான் பொருந்தவில்லை. ரத்தம் தெறிக்கிறது, தொடக்கக் காட்சியிலேயே சிப்பாய் கைதியைச் சுட்டுவிட்டுக் கேமராவுக்குக் கையாட்டுகிறான் என்று அவர் முகம் சுளித்தாராம். உலகமே அழிந்த கதையில் நாகரிகம் எதிர்பார்த்த மனிதர்!

1997இல் உறவு முறிந்தது. அவசர அவசரமாக ‘ஸ்பெஷல்’ என்று சொந்த விதிமுறை சமைத்தார்கள். வலு முதல் அதிர்ஷ்டம் வரை ஏழே குணங்கள். அதே ஆண்டு அக்டோபரில் விளையாட்டு வெளியானது. அவசரத்தில் சமைத்ததைத்தான் ரசிகர்கள் இன்றுவரை கொண்டாடுகிறார்கள்.

ஓடிப்போன உலகத்தை மேசைக்குத் திரும்ப அழைத்துவர ஆசைப்பட்டது குளூட்டன் க்ரீப்பர் என்ற சின்ன நிறுவனம். இன்டர்பிளேயிடம் உரிமமும் வாங்கியாயிற்று. அதற்குள், 2007இல், பெதஸ்டா என்ற விளையாட்டு நிறுவனம் 57.5 லட்சம் டாலரை எண்ணி வைத்து ஃபால்அவுட்டை மொத்தமாக வாங்கிவிட்டது. குடியிருப்பவரோடு சேர்த்து வீட்டை விற்றால் என்ன ஆகுமோ, அதுவே ஆனது. கடைசியில் குளூட்டன் க்ரீப்பரின் விதிப் புத்தகம் பெயர், அடையாளமெல்லாம் மாற்றிக்கொண்டு ‘எக்சோடஸ்’ என்று வந்தது. பாட்டில் மூடிதான் பணம் என்ற உலகத்துக்காக நிஜ டாலரில் அடித்துக்கொண்டவர்கள் இவர்கள்.

முறையான மேசைக் கதையாடல் பதிப்பு 2021இல் வந்தது. லண்டனின் மோடிஃபியஸ் வெளியிட்டது. ஏழு குணங்களும் அப்படியே இருந்தன. இருபது முகப் பகடை இரண்டு. குணத்தையும் திறமையையும் கூட்டி வரும் எண்ணுக்கு மேல் போகாமல் விழும் ஒவ்வொரு பகடையும் ஒரு வெற்றி. ஒன்று விழுந்தால் இரட்டை வெற்றி, இருபது விழுந்தால் வில்லங்கம்.

எண்களைக் கொண்டுவருவது சுலபம், ஆட்களைத்தான் சமாளிக்க முடியாது. கணினியில் வியாபாரியைச் சுட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பழைய சேமிப்புக்குத் திரும்பலாம். மேசையில் வியாபாரியாகப் பேசிக்கொண்டிருப்பவர் ஆட்டத்தை நடத்துகிறவர். அடுத்த ஊர் வியாபாரியும் அவரேதான்.