குதிகால் வரைக்கும் வந்தாயிற்று

கோடையில் ஸ்வெட்டர் பின்னுவது பைத்தியக்காரத்தனம். பாதி முடிந்த முதுகுப் பகுதி மடியில் கிடந்து தொடையை வேக வைக்கும். சாக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. கைப்பைக்குள் அடங்கும், பஸ்ஸில் எடுக்கலாம், பக்கத்து இருக்கைக்காரர் "அட, சாக்ஸா!" என்று புருவத்தை உயர்த்துவார். இந்தக் கடைசிக் காரணம்தான் என்னுடைய உண்மையான காரணம். இங்கிலாந்தின் பிரெஸ்டனுக்குக் குடிவந்ததிலிருந்தே, வாயும் ஓயாமல் ஊசியும் ஓயாமல் ரயிலில் சாக்ஸ் பின்னிக்கொண்டு வரும் பாட்டிகளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

சாக்ஸ் நூல் என்று தனியாகவே விற்கிறார்கள். முக்கால் பங்கு கம்பளி, கால் பங்கு நைலான். நைலான் சேராவிட்டால் குதிகாலும் பெருவிரலும் சீக்கிரம் தேய்ந்து ஓட்டை விழுந்துவிடும். 100 கிராம் சிட்டத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் நூல் இருக்கும். ஒரு ஜோடிக்குத் தாராளம். நான் பின்னிப் பிரித்து, பிரித்துப் பின்னியதில் என் சிட்டம் ஒற்றைக் காலுக்கே பஞ்சாகப் பிசிறிவிட்டது.

தொடங்கும் முன் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி விழுகிறதென்று எண்ணிப் பார்க்க வேண்டுமாம். எல்லாப் புத்தகங்களும் முதலிலேயே சொல்லிவிடுகின்றன. புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் முன் துணியை நனைத்துக் காயப்போடச் சொன்ன அம்மா பேச்சையே கேட்காதவள் நான், புத்தகம் சொல்லியா கேட்பேன்? புத்தகத்தின் கணக்கு 32 கண்ணி. 64 கண்ணி போட்டால் சுற்றளவு 20 செ.மீ. வரும். என் கைக்கு 28தான் விழுந்திருக்கிறது. சுற்றளவு 23 செ.மீ.க்குக் கிட்டே போய்விட்டது. மூன்று செ.மீ.தானே என்பவர்கள், நான் அதை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கியதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர் என் கணவர் ஒருவர்தான். "உள்ளே இன்னொரு சாக்ஸ் போட்டுக்கோயேன்" என்று யோசனை சொல்லிவிட்டு பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். விசித்திரம் என்னவென்றால், அத்தனை தொளதொளப்பிலும் குதிகாலைத் தாண்டும்போது மட்டும் அது இழுபடமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. ஏனென்று அப்போது விளங்கவில்லை.

குதிகாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவரை குழாயாகச் சுற்றிச் சுற்றி வந்த பின்னல், அங்கே பாதிக் கண்ணிகளை நிறுத்தி வைத்துவிட்டு, மீதிப் பாதியில் மட்டும் முன்னும் பின்னுமாக ஒரு சிறு மடலாக வளரும். பிறகு வரிசையின் கடைசி வரை போகாமல் பாதியிலேயே திரும்ப வேண்டும். அடுத்த தடவை இன்னும் ஒரு கண்ணி தள்ளிப்போய்த் திரும்ப வேண்டும். திரும்பும் இடத்தில் இரண்டை ஒன்றாக்கிக்கொண்டே போனால், தட்டையாக இருந்தது தானாகக் குழிந்து குதிகாலுக்கு இடம் விடும். வெட்டு இல்லை, தையல் இல்லை. இதை முதலில் யோசித்த மூளைக்கு என் வணக்கம். ஆனால் எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டுத் திரும்பக் கூடாதென்று வளர்க்கப்பட்டவள் நான். கை தன் பாட்டுக்கு வரிசையை முடித்துவிட்டுத்தான் நின்றது. திரும்பவும் பிரி.

இப்படிப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் டென்ட்டைப் பற்றிப் படித்தேன். எங்கள் ஊருக்கு வடக்கே இருக்கும் மலைக்கிராமம். ஒரு காலத்தில் அங்கே ஆண், பெண், குழந்தை எல்லோரும் இடுப்பில் ஒரு கட்டையைச் செருகி, அதில் ஊசியைப் பொருத்தி, நடந்துகொண்டே காலுறை பின்னுவார்களாம். லாங்டேலிலிருந்து ஏழெட்டு வயதில் ஒன்றும் ஐந்தாறு வயதில் ஒன்றுமாக இரண்டு சகோதரிகளைப் பின்னல் கற்க அங்கே அனுப்பியிருக்கிறார்கள். பொறுக்க முடியாமல் இரண்டும் மலைப்பாதையில் வீட்டுக்கே ஓடிவந்துவிட்டன. கவிஞர் ராபர்ட் சவுத்தி தன் நூலொன்றில் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். டென்ட்டின் திறமைக்கு ஆதாரமாகத்தான் இந்தக் கதையைச் சொல்வார்கள். நான் படித்த அன்றே ஓடிவந்த கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

ஆனால் நான் ஓடியது கம்பளி இருக்கும் திசைக்கே. ஜூன் கடைசியில் கம்பிரியாவின் காக்கர்மவுத்தில் வுல்ஃபெஸ்ட் நடக்கும். 2005இல் தொடங்கிய கம்பளித் திருவிழா. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் பிறந்த ஊர், அவர் வீட்டையும் பார்த்துவிடலாம் என்று ஆசை காட்டித்தான் கணவரைக் கிளப்பினேன். வீட்டைப் பார்க்கவில்லை. விழா நடப்பது கால்நடை ஏலச் சந்தையில். மற்ற நாட்களில் ஆடுகள் நிற்கும் கம்பித் தடுப்புகளுக்குள் அன்றைக்கு நூல் கடைகள்; அந்தத் தடுப்புகளுக்கு நடுவே நாங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நகர்ந்தோம். ஒரு பக்கம் ஒருவர் ஆட்டை உட்காரவைத்துச் சில நிமிடங்களில் மொட்டையடித்துக் காட்டினார். மறுபக்கம் கையால் சாயமேற்றிய சிட்டம் ஒன்று 20 பவுண்டு என்று என்னையும் மொட்டையடித்தார்கள். ஆட்டுக்காவது மறுபடி முளைக்கும். இதில் ஆட்டை வளர்ப்பவருக்கும் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை; பல பண்ணைகளில் ரோமத்தை விற்ற காசு கத்தரிப்புக் கூலிக்கே கட்டுவதில்லை.

அப்புறம் ஹெர்ட்விக் ஆடு. பிறக்கும்போது கருப்பு, வயதாக ஆக நரைத்துக்கொண்டே போகும். வேலியில்லாத மலையில் தன் மேய்ச்சல் எல்லையைத் தாயிடமிருந்தே கற்றுக்கொள்ளும். பீட்டர் ராபிட் கதைகளை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் பிற்காலத்தில் இந்த ஆடுகளை வளர்ப்பதில் மூழ்கிப்போனார். 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். இதெல்லாம் தெரிந்தபின் ஹெர்ட்விக் நூலை வாங்காமல் வர எனக்கு மனம் வரவில்லை. "கார்பெட்டுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். சாக்ஸுக்கு என்றேன். அவர் என் பாதங்களை அனுதாபத்தோடு பார்த்தார். கடையில் வாங்கிய பருத்தி சாக்ஸ் போட்டிருந்தேன்.

இன்னொரு கடையில் ஒரு வயதான அம்மாள், "என்ன பின்னுகிறீர்கள்?" என்று கேட்டார். "சாக்ஸ். இரண்டாவது ஜோடி" என்று வாய் கூசாமல் சொன்னேன். காட்டுங்களேன் என்றார். பையிலிருந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது, நான் ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியை முன்பக்கமாக விடாமல் பின்பக்கமாக விட்டிருக்கிறேன். அதனால் சாக்ஸ் முழுக்கக் கண்ணிகள் முறுக்கிக்கொண்டு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன. குதிகாலில் இழுபடாமல் முரண்டு பிடித்த மர்மம் இதுதான். அந்த அம்மாள் தங்கமானவர். "ஆஸ்திரியாவில் இப்படி வேண்டுமென்றே பின்னுவார்கள், தெரியுமா?" என்றார்.

எனக்கு அது போதும். வண்டியில் ஏறியதுமே கணவரிடம், "இது ஆஸ்திரிய பாணிங்க" என்றேன். ஊர்வந்து சேர்வதற்குள் அதை நானே நம்பிவிட்டேன்.

சரியான முறையையும் அந்த அம்மாள் நின்ற இடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. இரண்டாவது சாக்ஸைச் சரியாகப் பின்னினால் முதலாவதற்கு ஜோடி சேராது. எனவே அதையும் ஆஸ்திரிய பாணியில்தான் பின்ன வேண்டும். ஆனால் சரியாகப் பின்னிப் பழகிவிட்ட இந்தக் கைக்கு, வேண்டுமென்றே செய்யப்போனால், அந்தத் தப்பு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.