கல்லுக்கு ஒரு ஞாயிறு

கத்தி மழுங்கினால் கல்லைத் தேடுவோம். கல்லே மழுங்கினால் என்ன செய்வது என்பது பெங்களூரில் எங்கள் ஜாலஹள்ளிப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வீடு ஒரு எச்.எம்.டி. தொழிற்சாலை ஆள் இருந்தார், அவரிடம் மரப்பெட்டிக்குள் ஒரு கார்பரண்டம் கல் இருந்தது, ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

அப்பா ஃபிட்டர். இரும்புத் தூளும் பழைய எண்ணெயும் ஏறிக் கல்லின் கண்கள் அடைத்துக்கொண்டால் மேலே ஒரு மினுமினுப்பு வரும், கத்தி வழுக்கிக்கொண்டு ஓடுமே தவிர கூர் ஏறாது. அப்படி ஆனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஷன் மண்ணெண்ணெயில் கல்லை ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, கறுப்பாக இறங்குவதைத் துணியில் ஒற்றி எடுப்பார். அந்த வாசனை மத்தியானச் சாப்பாடு வரை கூடத்தில் நிற்கும், அம்மா முணுமுணுப்பாள், எனக்கோ அது விடுமுறையின் வாசனை.

அதற்குப் பிறகுதான் என் வேலை. எல்லோரும் நடுவிலேயே தீட்டுவதால் கல் குழிந்துவிடும், குழிந்த கல்லில் உளியின் முனை வளைந்துபோகும். அப்பா கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்துக் கொடுப்பார், நான் கொல்லைப்புறச் சப்படிக்கல் பலகையில் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய கார்பரண்டம் பொடியைத் தூவி, தண்ணீர் தெளித்து, கல்லைக் கவிழ்த்து எட்டு போட்டுத் தேய்ப்பேன். ஓரத்துக் கோடுகள் சீக்கிரம் போய்விடும். நடுக்கோடுகள் போவதற்குள் தெருவில் கிரிக்கெட் ஒரு ஆட்டம் முடிந்துவிடும், ஆனாலும் எழுந்துபோக மனம் வராது, சாம்பல் நிறக் குழம்பு விரல்களுக்கிடையில் பிதுங்கும் சுகம் அப்படி.

1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரக் கம்பெனியையே மூடுவதென்று 2016இல் முடிவானது. இப்போது ஜப்பான் என் அடுக்ககத்துக்குக் கல்லாக வருகிறது, ஃபோனில் ஆர்டர் செய்தால் போதும். ஒரு பக்கம் 1000 கிரிட், மறுபக்கம் 6000. எண்ணெயே ஆகாது, குமிழி நிற்கும்வரை தண்ணீரில் ஊறினால் சரி. மென்மையான கல் என்பதால் சீக்கிரமே குழிகிறது, ஆனால் வைரத் தகடு சில நிமிடங்களில் சமனாக்கிவிடுகிறது. கூர் பிரமாதம், தக்காளித் தோல் தொட்டதும் விலகுகிறது. ஒரு ஞாயிறு முழுக்க மிஞ்சுகிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் பரணில் பழைய கார்பரண்டம் கல் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டாலும் பாத்திரம் விளக்கும் சோப்புத் தண்ணீரில் ஓரிரவு ஊறப்போட்டுத் தேய்த்தால் கண் திறந்துகொள்ளும். தீட்டும்போது ஓரங்களையும் பயன்படுத்துங்கள், நிழலில் உலர்த்துங்கள்.