கால் டன் ஆசை

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதையும், 2010-இல் ரெனோ–நிசானும் 2012-இல் டைம்லரும் 2013-இல் ராயல் என்ஃபீல்டும் ஒரகடத்தில் அடுத்தடுத்து ஆலை திறந்ததையும் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆயினும் அவ்வளர்ச்சியின் பக்க விளைவு ஒன்று அவர்களுடைய அட்டவணைகளில் ஏறவில்லை. ஷிப்ட் முழுவதும் கம்பெனியின் இரும்பில் கம்பெனியின் இயந்திரத்தால் துளையிட்டுவிட்டு, படப்பையிலோ சுங்குவார்சத்திரத்திலோ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் மனிதருக்கு, தம் வீட்டுக் கார் ஷெட்டில், தம் சொந்த இயந்திரத்தால், தம் சொந்த இரும்பில் ஒரு துளை போட்டாக வேண்டும் என்று எழும் வேட்கையே அவ்விளைவாகும். இவ்வேட்கைக்கு ஆளானவரை இக்கட்டுரை ‘பட்டறையாளர்’ என்று குறிக்கும். அவருக்கு இன்னும் பட்டறை அமையவில்லை என்பது இங்கே பொருட்டல்ல.

துளையிடும் இயந்திரங்களுக்குள் படிநிலைகள் உண்டு. கையில் பிடிக்கும் டிரில்லில் தொடங்கி, மேசைமேல் வைக்கும் பெஞ்ச் டிரில், தரையில் நிற்கும் தூணின் உச்சியில் மோட்டாரும் இடையில் ஜாப்பைத் தாங்கும் மேசையும் கொண்ட பில்லர் டிரில், நீண்ட கையை வேண்டிய பக்கம் திருப்பி வைக்கக்கூடிய ரேடியல் டிரில் என்று அவை வளர்ந்துகொண்டே போகும். ஜாப் என்பது பட்டறை வழக்கில் வேலை செய்யப்படும் பொருள், உத்தியோகம் அன்று. பட்டறையாளருக்கு உண்மையில் தேவைப்படும் துளைகளைக் கணக்கெடுத்தால், கேட் கீலுக்கு 8 மில்லிமீட்டர், பூந்தொட்டி ஸ்டாண்டுக்கு 6, ஊஞ்சல் கொக்கிக்கு 12 என்று அனைத்தும் 13 மில்லிமீட்டர் பெஞ்ச் டிரில்லுக்குள் அடங்கிவிடும். ஆனால் கடையில் 13-க்குப் பக்கத்தில் 20 நிற்கிறது. இன்னும் கொஞ்சம் போட்டால் 20 கிடைக்கும் என்றால், அதற்கு மேலும் கொஞ்சம் போட்டு 25-ஐயே வாங்கிவிடலாமே என்று கணக்கு விரிந்து, அவர் 40-ஐ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில்தான் வீட்டிலிருந்து போன் வருகிறது. அவ்வளவு பெரிய துளை எதற்கு என்று மறுமுனையிலிருந்து எழும் நியாயமான வினாவுக்கு, “நாளைக்கே தேவைப்பட்டால்?” என்பதுதான் இவ்வகுப்பினர் அனைவரும் அளித்துவரும் விடை.

அளவைக் குறிப்பதில் இரு மரபுகள் உள்ளன. இந்தியாவில், எஃகில் எவ்வளவு விட்டமுள்ள துளையைப் போடும் என்பதைக் கொண்டு 25 எம்.எம். இயந்திரம் என்பர், அமெரிக்காவில், எவ்வளவு அகலமான வட்டத் தகட்டின் நடுவில் துளையிடும் என்பதைக் கொண்டு 20 அங்குல இயந்திரம் என்பர், அதாவது துளையின் மையத்துக்கும் தூணுக்கும் இடையே 10 அங்குல இடம் இருக்கும். இரவெல்லாம் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, மறுநாள் பாரிமுனைக் கடையில் 20 அங்குல டிரில் வேண்டும் என்று கேட்பவரை, கடைக்காரர் போர்வெல் போடுபவரிடம் அனுப்பிவைக்க முயன்றால் அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை.

எடைமிக்க இயந்திரத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று தள்ளிவிடவும் இயலாது. துளையிடும் அலகான பிட்டின் வெளிவிளிம்பு இரும்பில் நகரும் வேகத்தை வெட்டுவேகம் என்பர். ஹைஸ்பீடு ஸ்டீல் பிட்டால் மைல்டு ஸ்டீலைத் துளைக்கும்போது அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 மீட்டராக இருப்பது நல்லது. இதைப் பிட்டின் சுற்றளவால் வகுத்தால், 6 மில்லிமீட்டர் பிட் நிமிடத்துக்குச் சுமார் 1,300 சுற்றும், 25 மில்லிமீட்டர் பிட் சுமார் 320 சுற்றும் சுழல வேண்டும் என்பது தெரியவரும். மலிவான பெஞ்ச் டிரில்கள் பலவற்றின் மிகக் குறைந்த வேகமே 500-ஐ ஒட்டி இருப்பதால், அவற்றில் பெரிய பிட்டை மாட்டினால் அது வெட்டுவதை விட்டு அலறும், நீலம் பாயும், முனை மழுங்கும். தூண் மெலிந்ததாயின், கைப்பிடியை அழுத்தும்போது மேசை கீழும் தலை மேலுமாக விலகித் துளை சாய்ந்துவிடும். ஆகவே குறைந்த வேகம், தடித்த தூண், கனத்த வார்ப்பிரும்பு ஆகிய மூன்றையும் ஆடம்பரம் என்று சொல்வதற்கில்லை. பட்டறையாளர் எடையை விரும்புவதில் பிழை காண இடமில்லை. அந்த எடை எந்தத் துளைக்கு என்பதைக் கடைசிவரை முடிவு செய்யாமலே அவர் விரும்புவதுதான் சிக்கல்.

இதற்கு வட்டாரமும் ஒரு காரணம். மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு பிசகினாலும் பாகம் ரிஜெக்ட் ஆகும் சூழலில் பல ஆண்டுகள் கழித்தவர், அதே அளவுகோலை வீட்டுக்கும் கொண்டுவருகிறார். ரன்அவுட், அதாவது சுழலும் தண்டு தன் மையத்திலிருந்து தள்ளாடும் அளவு, 0.02 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று டயல் கேஜும் கையுமாகக் கடையில் நின்று வாதாடும் அவர், அத்துளை கோழிக்கூண்டுக் கதவுக்கு என்பதை மட்டும் கடைக்காரரிடம் சொல்வதில்லை. கோழிகள் தரப்பிலிருந்து இதுபற்றிக் கோரிக்கை எதுவும் வந்ததாகவும் தெரியவில்லை.

பெரிய இயந்திரத்தின் மற்றோர் அடையாளம் மோர்ஸ் டேப்பர். 1863-இல் திருகு வடிவப் பிட்டுக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் ஸ்டீபன் மோர்ஸின் பெயரைத் தாங்கிய இக்கூம்பு, 20 பங்கு நீளத்துக்கு ஏறத்தாழ ஒரு பங்கு விட்டம் குறுகிச் செல்வதால், பிட்டின் வாலை உள்ளே தட்டிய மாத்திரத்தில் உராய்வாலேயே கவ்விக்கொள்ளும். வெளியே எடுக்க, டிரிஃப்ட் என்னும் தட்டையான ஆப்பைப் பக்கத் துளையில் செருகிச் சுத்தியலால் தட்ட வேண்டும். 25 மில்லிமீட்டர் பிட்டுக்கு எம்.டி. 3 எனப்படும் மூன்றாம் எண் கூம்பு தேவை. சிறிய வால் கொண்ட பிட்டுகளை அதில் மாட்ட ஸ்லீவ் தேவை. ஜாப்பைப் பிடிக்க மெஷின் வைஸ் தேவை. வைஸை மேசையோடு பிணைக்க கிளாம்ப் தேவை. இயந்திரத்துக்குப் பணம் கட்டியதோடு செலவு முடிந்தது என்று நினைப்பவர், பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்போல் தலை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சீர் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

செலவுக்கு அஞ்சுவோர் பழைய இயந்திரத்தை நாடுவர். பெரிய ஆலைக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறிய வெண்டர் பட்டறை மூடப்படும்போது, அதன் பில்லர் டிரில் பழைய இயந்திர வியாபாரியிடம் வந்து சேரும். அவர் அதன் வடுக்களுக்குப் பட்டி வைத்து, பச்சைப் பெயின்ட் அடித்து, ஒரே கையில் ஓடிய வண்டி என்று அறிமுகப்படுத்துவார். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலை முழுவதும் கீழே இறக்கி, அதன் நுனியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் தேய்மானம் தெரிந்துவிடும். அதைவிட நம்பத்தக்க சாட்சி மேசைதான். ஜாப்பையும் தாண்டிச் சென்று மேசையைப் பதம்பார்த்த குழிகள், அவ்வியந்திரத்தை ஓட்டியவர்கள் எந்தெந்த நேரத்தில் எங்கெங்கே கவனமாக இருந்தார்கள் என்பதைப் பதிந்து வைத்திருக்கும். பட்டறையாளர் இவற்றையெல்லாம் நன்கறிந்தவர். அறிந்தும், பச்சை நல்ல பச்சை என்கிறார்.

அடுத்தது மின்சாரம். இவ்வகை இயந்திரத்தின் மோட்டார் பெரும்பாலும் 415 வோல்ட், மூன்று ஃபேஸ் கேட்கும். பல வீடுகளில் இருப்பதோ 230 வோல்ட், ஒரே ஃபேஸ். வி.எஃப்.டி. எனப்படும் அதிர்வெண் மாற்றியைப் பொருத்தி, மோட்டாரின் உள் இணைப்பையும் அதற்கேற்ப மாற்றினால் ஒன்று மூன்றாகிவிடும். ஆனால் அதன் குமிழைத் திருகியே வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம், பெல்ட்டை எதற்கு மாற்ற வேண்டும் என்று எண்ணுபவர் ஒன்றை மறக்கிறார்: பெல்ட்டை வேறு படிக்கு மாற்றி வேகத்தைக் குறைத்தால் முறுக்குவிசை கூடும், குமிழால் குறைத்தால் கூடாது. இந்த இயற்பியல், 25 மில்லிமீட்டர் பிட் இரும்புக்குள் சிக்கி நின்ற பிறகு எளிதில் விளங்கும்.

கால் டன்னை ஒட்டிய இயந்திரத்தின் மோட்டாரும் தலைப்பகுதியும் உச்சியில் இருப்பதால், பில்லர் டிரில் இயல்பிலேயே தலைக்கனம் உடையது. லேசாகச் சாய்ந்தாலும் முழுதாக விழும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தில், ஹைட்ரா எனப்படும் நடமாடும் கிரேனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஹைட்ரா தெருமுனையோடு நின்றுவிடும். அங்கிருந்து கார் ஷெட் வரை இயந்திரம் இரும்புக் குழாய்களின் மேல் உருண்டும், மைத்துனர்களின் தோளில் சாய்ந்தும், வல்லக்கோட்டை முருகன் அருளாலும் வந்து சேரும். சேர்ந்த பின் அதைத் தரையோடு பிணைக்க நான்கு ஆங்கர் போல்ட்டுகள் வேண்டும். அவற்றுக்குக் கான்கிரீட்டில் நான்கு துளைகள் வேண்டும். துளையிடுவதற்கென்றே பிறந்த அவ்வியந்திரத்தால் அந்த நான்கையும் போட இயலாது. ஆகவே பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனிடம் கை டிரில் இரவல் கேட்கும் நிகழ்ச்சியோடு அதன் பணிக்காலம் தொடங்குகிறது.

இவ்வளவும் கடந்தவர்களுக்கு இரண்டு விதிகள் போதும். வேட்டி, தோள் துண்டு, கையுறை ஆகிய மூன்றையும் சுழலும் தண்டின் அருகே கொண்டுசெல்லக் கூடாது. பிட் மறுபுறம் வெளிவரும் நொடியில் ஜாப்பைக் கவ்விச் சுழற்றும் என்பதால், எவ்வளவு சிறிய ஜாப்பையும் கையால் பிடிக்கக் கூடாது. இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரே விதி: முதலில் மிகப் பெரிய துளையை எழுதிக்கொண்டு, அதற்குரிய வேகத்தைக் கணக்கிட்டு, பிறகு கூம்பு, மின்சாரம், வாசற்படி என்று வரிசையாகச் சென்றால், எடை கடைசியில் தானாக வந்து நிற்கும். எடையிலிருந்து தொடங்கியவருக்கு அந்த வரிசை தலைகீழாக ஓடி, துளைதான் கடைசியில் வரும். சில வீடுகளில் அது வருவதே இல்லை.

வரும் துளைகளும் எதிர்பார்த்தவையாக இருப்பதில்லை. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் பூசிய இயந்திரத்தை வியந்து, பொரி வாங்கிக்கொண்டு போகும் அண்டை வீட்டார், அடுத்த வாரமே உரிமையோடு வந்து நிற்பார்கள். அவர்களுக்கு வேண்டியது தினசரி காலண்டர் மாட்டச் சுவரில் ஒரேயொரு துளை. சுவரைப் பெயர்த்து வந்து மேசையில் கிளாம்ப் போட்டால் 0.02 மில்லிமீட்டர் துல்லியத்தில் போட்டுக் கொடுக்கலாம் என்பதைப் பட்டறையாளர் பொறுமையாக விளக்குவார். அவர்களோ, இவ்வளவு பெரிய மெஷினை வைத்துக்கொண்டு ஒரு துளைக்கு இத்தனை பிகுவா என்று முணுமுணுத்தபடி எலக்ட்ரீஷியனைத் தேடிப் போவார்கள்.