லீவு லெட்டர் எழுதத் தெரிஞ்ச தகப்பனுக்கு

தம்பி, நேத்தும் உன் மகன் பள்ளிக்கூடம் போகலையாமே. பகல் பதினோரு மணிக்கு மாடிப்படியில எதிர்ல வந்தான். "என்னடா பேராண்டி, உடம்புக்கு என்ன?"ன்னு கேட்டேன். "ஃபீவர் தாத்தா"ன்னான். கையில பேட்மிண்டன் மட்டை. அந்தக் காய்ச்சல் எனக்கும் ஒரு தடவை வரட்டும், முட்டிவலியாவது தீரும்.

கோவிச்சுக்காதப்பா. நான் குறை சொல்ல வரல, பாராட்ட வந்திருக்கேன். எட்டயபுரத்துப் பக்கம் கரிசக்காட்டு ஆள் நான். மகனோட டில்லிக்கு வந்து இந்தக் கரோல் பாக்குல உட்கார்ந்துட்டேன். காலையில பால் வாங்கறது, சாயங்காலம் அஜ்மல் கான் ரோட்டுல வேடிக்கை பார்க்கறது, நடுவுல பால்கனியில உட்கார்ந்து யார் வீட்டுப் பிள்ளை பை மாட்டிக்கிட்டுப் போகுது, யார் வீட்டுப் பிள்ளை போகலைன்னு கவனிக்கிறது. வேற ஜோலி? அப்படிக் கவனிச்சதுல சொல்றேன், பிள்ளையை வீட்டுல நிறுத்தி வைக்கிற வித்தையில இந்தத் தெருவுலயே உன்னை அடிச்சுக்க ஆளில்லை. ஆனாலும் நீ செய்யறதோட முழுப் பெருமை உனக்கே தெரியாது போல. பெரியவன் எடுத்துச் சொல்றேன், கேட்டுக்கோ.

முதல்ல திங்கக்கிழமை. ஊரெல்லாம் ஞாயிறு லீவுன்னா கரோல் பாக் கடைக்காரனுக்கு லீவு திங்கள். ஞாயித்துக்கிழமை கூட்டம் அள்ளும், நீ அப்பளமும் காபிப்பொடியும் கட்டிக் கொடுக்கறதுல நிமிர நேரமிருக்காது. திங்கக்கிழமை ஷட்டரை இறக்குவே. அந்த ஷட்டருக்கு முன்னாலயே நடைபாதைக்காரன் துணியை விரிச்சு அவன் சந்தையை ஆரம்பிச்சுடுவான். நீ வீட்டுல இருக்கிற ஒரே நாள் அது. மச்சினன் வீடு, பல் டாக்டர், மலை மந்திர் கோயில், சினிமா எல்லாம் அன்னைக்குத்தான். குடும்பமே கிளம்பும்போது பிள்ளையை மட்டும் பள்ளிக்கூடத்துல விட மனசு வருமா? வராது. நீ பாசக்காரன்.

பாசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது, ஆனா நான் பார்த்துட்டேன். வருசத்துல பள்ளிக்கூடம் நடக்கிற திங்கள் ஒரு நாப்பது வரும். அதுல பாதியை நீ எடுத்துக்கிட்டா இருபது நாள். 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறாப்புலேருந்து எட்டாப்பு வரை வருசத்துக்கு 220 நாளாவது பாடம் நடக்கணும்னு சொல்லுது. அமெரிக்காவுல பத்துல ஒரு பங்கு நாள் வராத பிள்ளையைத் தனியாப் பட்டியல் போட்டுக் கவலைப்படறாங்க. அந்த அளவுப்படி இங்கே 22 நாள், மாசத்துக்கு ரெண்டே ரெண்டு. கொரோனாவுக்கு முன்னால அங்கே நூத்துக்கு பதினஞ்சு பிள்ளைங்க அந்தப் பட்டியல்ல இருந்தாங்க, 2021-22ல இருபத்தெட்டு ஆயிடுச்சு. இங்கிலாந்துல இன்னும் மோசம், காரணமில்லாம பிள்ளையை நிறுத்தினா பெத்தவங்களுக்கு அபராதம். 60 பவுண்டா இருந்ததை 2024 ஆகஸ்டுல 80 ஆக்கிட்டாங்க. நல்லவேளை, நீ கரோல் பாக்குல இருக்கே. திங்கக்கிழமையில மட்டும் இருபதை முடிச்சுட்டு, மிச்ச கிழமைகளை இன்னும் தொடாம வச்சிருக்கே.

அதுக்கு ஊர்ப்பயணம் இருக்கு. ஊர்ல அம்மன் கோயில் கொடை. டில்லிப் பள்ளிக்கூடத்துக்காரன் கொடையைப் பார்த்தா லீவு விடுவான்? மே, ஜூன்ல வெயிலுக்கு விடுவான், சனவரியில குளிருக்கு விடுவான். நம்ம அம்மனோ ஆடியிலதான் கொடை கேட்பா. நிஜாமுதீன்லேருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ரெண்டே தடவை. போக ரெண்டு ராத்திரி, வர ரெண்டு ராத்திரி. ரயில் கிடைக்கிற நாளைப் பார்த்து, தட்கால் கிடைக்காம இன்னும் ரெண்டு நாள் இருந்து, மூணு நாள் கொடைக்குப் பத்து நாள் லீவு. திரும்பி வந்ததும் 'பயண அலுப்பு'. ஊருக்குப் போக வேண்டாம்னு நான் சொல்லுவேனா? தாத்தா பாட்டியைப் பிள்ளை பார்க்கத்தான் வேணும். ஆனா கோடை லீவு ஆறு வாரமும் அவனை டேப்லெட்டோட அறையில படுக்க வச்சுட்டு, பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஊர்ப்பாசம் பொங்குது பாரு, அது எப்படின்னுதான் எனக்குப் பிடிபடல.

இனி நீ கவனிக்காத ஒண்ணைச் சொல்றேன். திங்கக்கிழமை பின்னக் கணக்குல பகுதி எண்ணைச் சமமாக்கறதைச் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. செவ்வாய்க்கிழமை கூட்டல். உன் மகன் செவ்வாய்க்கிழமை போய் உட்கார்றான். போர்டுல இருக்கிறதை அச்சு அசலாப் பார்த்து எழுதுவான், கையெழுத்து நல்லாத்தான் இருக்கும், ஒண்ணும் புரிஞ்சிருக்காது. கேட்கலாம்னா வெட்கம். பக்கத்துல உட்கார்றவன் இவன் இல்லாத நாள்ல வேற ஒருத்தனோட சேர்ந்துக்கிட்டான். டிபன் டப்பா திறக்கிற நேரத்துல இவன் தனியாள். புதன்கிழமை காலையில "வயித்தை வலிக்குதும்மா"ன்னு சொல்றான். அந்த வலி பொய்யில்லை தம்பி, நெசமாவே வலிக்கும். நீ கொடுத்த முதல் லீவு உன் சௌகரியத்துக்கு. அடுத்த லீவை அவன் பயந்து போய்க் கேட்கிறான். மூணாவதை யாரும் கேட்கிறதே இல்லை, அதுவா நடக்குது. டெஸ்ட் நாளா பார்த்து காய்ச்சல் வர்ற மர்மமும் இதான்.

"சிபிஎஸ்இ 75 சதவீதம்தானே கேட்குது தாத்தா"ன்னு நீ அன்னைக்குச் சட்டம் பேசினே. அஜ்மல் கான் ரோட்டுல 25 சதவீதத் தள்ளுபடி போர்டைப் பார்த்தா உள்ளே பாயுற புத்தி, இங்கேயும் பாயுது. 220 நாள்னு வச்சுக்கிட்டாலும் கால்வாசி 55 நாள். ரெண்டு மாசத்துக்கு மேல பள்ளிக்கூடம். அந்தக் கால்வாசி, நோயில விழுந்த பிள்ளைக்கும் நாட்டுக்காக விளையாடப் போற பிள்ளைக்கும் வீட்டுல இழவு விழுந்த பிள்ளைக்கும் வச்ச இடம். அதுக்கும் தாள், அத்தாட்சி எல்லாம் காட்டணும். மலை மந்திர் பிரசாதத்தைக் காட்டினா ஏத்துக்க மாட்டாங்க.

உன்னையும் மிஞ்சின ஆள்கள் இந்த டில்லியில இருக்காங்க, அவங்க முன்னால நீ சிசு. பள்ளிக்கூடத்துல பேரு மட்டும் இருக்கும், பிள்ளை இருக்காது. டம்மி ஸ்கூல்னு பேர். பிள்ளை காலையிலேருந்து நீட், ஜேஇஇ கோச்சிங்குல கிடப்பான், வருகைப் பதிவேட்டுல 'பிரசென்ட்' விழுந்துக்கிட்டே இருக்கும். அங்கேயும் பணம், இங்கேயும் பணம். எங்க ஊர்ல பிள்ளை பள்ளிக்கூடம் போகாட்டா பிரம்பு தேடுவாங்க. இங்கே போகாம இருக்கிறதுக்கு ரசீது போட்டுக் காசு கட்டுறாங்க. 2024 செப்டம்பர்ல சிபிஎஸ்இ சொல்லாமக் கொள்ளாம டில்லியிலயும் ராஜஸ்தான்லயும் 27 பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைஞ்சு பார்த்துச்சு. நவம்பர்ல 21 பள்ளிக்கு அங்கீகாரம் போச்சு. அதுல 16 நம்ம டில்லி. ஆறு பள்ளியைப் பத்தாம் வகுப்போட நிறுத்திட்டாங்க.

இப்போ என்னோட ஒரு நடை வா. ஓல்ட் ராஜேந்தர் நகர் பக்கம்தான், பத்து நிமிசம். தெருவெல்லாம் ஐஏஎஸ் கோச்சிங் போர்டு. நம்ம மதுரைப் பையன், தஞ்சாவூர்ப் பொண்ணு எல்லாம் உண்டு, தமிழ்ல பேசினா சிரிச்சுக்கிட்டே திரும்புவாங்க. லைப்ரரின்னு ஒண்ணு நடத்தறான், மாச வாடகைக்கு ஒரு நாற்காலி, ஒரு தடுப்பு, ஒரு லைட்டு. இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைங்க அதுல ராத்திரி வரை குனிஞ்சு உட்கார்ந்திருக்கு. என்ன படிக்குதுன்னு எட்டிப் பார்த்தேன். ஆறாம் வகுப்பு என்சிஇஆர்டி சரித்திரப் புத்தகம்! ஐஏஎஸ்ஸுக்குத் தயாராகிறவங்க ஆறுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் உள்ள பள்ளிப் பாடத்துலேருந்துதான் தொடங்கறாங்களாம். ஒரு பையன் சொன்னான், "ஸ்கூல்ல ஒழுங்கா உட்கார்ந்திருந்தா பாதி வேலை மிச்சம் தாத்தா." உன் மகன் ஞாபகம்தான் வந்தது. இன்னைக்கு ஓசியில கிடைக்கிற பெஞ்சை விட்டுட்டு, பின்னால நாற்காலிக்கு வாடகை கட்டுவான். கட்டப்போறது யாருன்னு நான் சொல்லணுமா?

பிள்ளையைப் பெஞ்சுல உட்கார வைக்க எங்க காலத்துல பட்ட பாட்டையும் கேளு. எட்டயபுரத்துல 1956ல காமராசர் மதிய உணவைத் தொடங்கி வச்சப்போ எனக்கு எட்டு வயசு. பன்னிரண்டு வயசுக்குள்ள படிப்பை விட்ட மனுசர் அவர், அதனால பிள்ளை ஏன் வரலைன்னு அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கல. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதுக்குக் கூட நின்னு உழைச்சார். ஊர்க்காரங்க நெல்லும் கம்பும் அளந்து கொடுத்தாங்க. நாங்க சோத்துக்குத்தான் போனோம், மறைக்க மாட்டேன். பைக்குள்ள சிலேட்டோட அலுமினியத் தட்டு லொடலொடன்னு ஆடும். தட்டு காலியாகிற வரைக்கும் உட்கார்ந்திருந்ததுல பன்னிரண்டாம் வாய்ப்பாடு தானா ஒட்டிக்கிச்சு. அதுக்கு முன்னாலயே, 1920ல சென்னையில தியாகராயர் காலத்து மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில சோறு போட்டுப் பார்த்திருக்கு. 1982ல எம்ஜிஆர் சத்துணவு, 2022ல ஸ்டாலின் காலைச் சிற்றுண்டி. பிள்ளையை வாசல்படி ஏத்த நூறு வருசமா அடுப்பு எரியுது. பூசா ரோட்டுல நிக்குதே நம்ம தமிழ்ப் பள்ளிக்கூடம், அதை நடத்துற தமிழ்க் கல்விக் கழகமும் 1923ல தொடங்கினதுதான். பிழைக்க வந்த ஜனங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆரம்பிச்சு, இப்ப ஏழு பள்ளிக்கூடம். வயித்துக்கு இல்லாத ஊர்ல பிள்ளையை வரவழைச்சுட்டாங்க. வயிறு நிறைஞ்ச வீட்டுலதான் சிக்கல்.

எல்லாரையும் சேர்த்து நான் பேசலை. நடைபாதைச் சந்தைக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு, அஞ்சாப்பு படிக்கிற வயசு, தம்பியை இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கும். அம்மா நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கப் போறா. அந்தப் பிள்ளைக்கு லீவு லெட்டர் எழுதவும் ஆளில்லை. நையாண்டி பண்றதுக்கு அங்கே எனக்கு வாய் வரல. தொடர்ந்து வராத அரசுப் பள்ளிப் பிள்ளைங்க வீட்டுக்குக் குறுஞ்செய்தி, போன்னு விசாரிக்க டில்லியில குழந்தை உரிமை ஆணையம் ஏற்பாடு செஞ்சதே இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்காகத்தான். நிஜ நோயாளிப் பிள்ளையை இழுத்துக்கிட்டு ஓடவும் நான் சொல்லலை. காய்ச்சல் அடிச்சா படுக்கட்டும். நவம்பர் வந்தா வானமே புகைஞ்சு பள்ளிக்கூடத்தை மூட வைக்குது, 2024ல பாடமெல்லாம் போன்லதானே நடந்துச்சு. வானம் தன் பங்கை எடுத்துக்குது. உன் பங்குக்கு நீ எடுக்காதேன்னுதான் சொல்றேன்.

செய்ய வேண்டியதும் பெரிசா ஒண்ணுமில்லை. மலை மந்திர் திங்கக்கிழமை சாயங்காலமும் திறந்திருக்கும், பிள்ளை வந்ததும் கூட்டிட்டுப் போ. பல் டாக்டர்கிட்ட சாயங்கால நேரம் கேளு. ஊர்ப் பயணத்தைப் பள்ளிக்கூடக் காலண்டரைப் பார்த்துட்டு ரிசர்வ் பண்ணு, கொடைக்கு நீயும் உன் சம்சாரமும் ஆள் மாத்திப் போயிட்டு வாங்க, அம்மன் கோவிச்சுக்க மாட்டா. வயித்துவலின்னு சொன்னா "எந்தப் பாடம்?"னு கேட்டுப் பாரு. ரெண்டு நாள் விட்டுப் போச்சுன்னா மூணாவது நாள் நீயே கொண்டுபோய் விட்டு, மிஸ்கிட்ட விட்ட பாடத்தைக் கேட்டு வாங்கு.

இத்தனைக்குப் பிறகும் லீவு போட்டே ஆகணும்னா போடு, யார் தடுக்கிறா? ஆனா அடுத்த லெட்டர்ல 'என் மகனுக்குக் கடுமையான காய்ச்சல்'னு எழுதாதே. 'எனக்குக் காலையில எழுந்திரிக்கச் சோம்பலா இருந்தது'ன்னு உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மிஸ் என்ன பதில் சொன்னாங்கன்னு எனக்கும் வந்து சொல்லு.