புகை சொல்லும் கணக்கு

பாய்மரப் படகுக்காரருக்குப் புரொப்பெல்லர், பாய் விரித்தால் பாரம். காற்று செத்தால் தெய்வம். மூன்று இலை வைத்தால் டீசல் எஞ்சின் ஜோராகத் தள்ளும். காற்றில் போகும்போதோ வாளியைக் கட்டி இழுப்பது மாதிரி. மடங்கும் இலை வாங்கினால் வேகம் மிஞ்சும், பர்ஸ் மடங்கும்.

வங்காளத்தின் ஹூக்ளி நதிக்காரர்கள் பாயையே கழற்றிவிட்டு, வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சினை நாட்டுப்படகில் ஏற்றினார்கள். சத்தமே பெயரானது: பொட்பொட்டி.

1830-இல் ஜமீன்தாரிணி ராணி ராஷ்மணியின் கணவர் செலவில் கட்டிய கொல்கத்தா பாபுகாட் படித்துறையில் ஒருவரிடம், "தாதா, இலையோட பிட்ச் எத்தனை அங்குலம்?" என்றேன். (இங்கே தாதா என்றால் அண்ணன், பயம் வேண்டாம். பிட்ச் என்றால் இலை ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம்.)

"புகை கறுத்தா இலை பெரிசு. எஞ்சின் சும்மா அலறினா சிறிசு."

பாடப்புத்தகமும் இதைத்தான் சொல்கிறது, வரைபடங்களோடு.

சொன்னவர் அரிவாளோடு தண்ணீரில் குதித்தார். இலையைச் சுற்றி ஆகாயத்தாமரை. அதோடு பூஜை முடிந்து கரைத்த துர்க்கையின் ஜரிகைப் புடவையில் பாதி. அதற்கு எந்த அட்டவணையிலும் அளவு இல்லை.