ஏறுதலும் அமர்தலும்: சேலையூரார் விமானம் ஏறும் முறை குறித்து ஒரு முன்னாய்வு

இருக்கை எண் அச்சிட்ட சீட்டைக் கையில் வைத்திருப்பவர் அந்த இருக்கையை நோக்கி ஏன் ஓடுகிறார்? இவ்வினாவைத் தமிழில் இதுவரை எவரும் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தாலும் நாம் படிக்கவில்லை. முன்னோரைப் படிக்காமலே ‘முதன்முறையாக’ என்று தொடங்குவது நம் ஆய்வேடுகளின் மரபாதலின் அது குற்றமாகாது என்க.

ஆய்வின் எல்லை: மேற்கே தாம்பரம் ரயில் நிலையம், கிழக்கே ராஜகீழ்ப்பாக்கம், நடுவே கேம்ப் ரோடு சந்திப்பு. வானத்தோடு சேலையூருக்குள்ள உறவு புதிதன்று. தாம்பரம் விமானப்படைத் தளம் இங்கேதான் இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுத்தருபவர்களுக்கே கற்றுத்தரும் பள்ளி ஒன்று 1954 முதல் இங்கே இயங்குகிறது. ஓட்டுவதற்கு இத்தனை ஏற்பாடு. உட்காருவதற்கு ஒரு சான்றிதழ் வகுப்புகூடக் கிடையாது.

இனித் தோற்றுவாய். விமான இருக்கைப் பழக்கங்களின் வேர் விமானத்தில் இல்லை, 1931-இல் இருக்கிறது என்பது நம் துணிபு. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு அது. தாம்பரத்தில் புறப்படும் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். வண்டி நிற்பதற்குள் ஏறிவிட்டால் ஜன்னலோரமே கிடைக்கும். குரோம்பேட்டைக்காரர் எதிர்த்திசை வண்டியில் தாம்பரம் வந்து, இடம் பிடித்து, குரோம்பேட்டை வழியாகவே கோட்டைக்குப் போவதும் இம்மரபின் விரிவே. மறு ஆண்டு அக்டோபரில், கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா பம்பாய் வரை கொண்டுவந்த தபாலை நெவில் வின்சென்ட் மதராஸுக்குப் பறந்து வந்து சேர்த்தார். தபால் மூட்டைகள் ஜன்னலோரம் கேட்கவில்லை. தரை தொட்டதும் எழுந்து நிற்கவுமில்லை. பயணிகள் ஒழுக்கத்தின் பொற்காலம் அது; பயணிகள்தாம் இல்லை.

2003-இல் பறக்கத் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் ஆரம்பத்தில் இருக்கை எண்ணே தரவில்லை. முந்தியவருக்கு இடம். அவர் கதையைத் தழுவிய ‘சூரரைப் போற்று’ படம் பார்த்தவர்கள் கதாநாயகனுக்காக அழுதார்கள். ஆய்வாளனுக்கு முக்கியம் படிக்கட்டை நோக்கிய ஓட்டம். அன்று ஓடியதில் நியாயம் இருந்தது. எண் வந்த பின்னும் ஓட்டம் நிற்கவில்லை என்பதே சிக்கல். இருக்கைக்காக அல்ல, தலைக்கு மேலுள்ள பெட்டியில் தம் ஏழு கிலோ பையைப் பிறர்க்கு முன் திணிக்கவே ஓடுகிறார்கள் என்பாரும் உளர். இவ்விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுவதால் முனைவர் பட்டத்துக்கு உதவாது, எனவே மறுக்கிறோம்.

பயணியர் வகைகளாவன. அழைக்கும் முன்பே வரிசையில் நிற்போர்: எல்லோரும். கடைசி அழைப்பிலும் வடையை விடாதோர்: சிலர், பெரும்பாலும் குடும்பத் தலைவர்கள். பின்வாசல் இருக்கையை வைத்துக்கொண்டு முன்வாசலில் ஏறி எதிர்நீச்சல் போடுவோர்: விமானத்துக்கு ஒருவர் என்பது விதி.

விமானம் வரை கொண்டுபோகும் பேருந்தில் ஒரு நுட்பம் உண்டு. அதில் முதலில் ஏறியவர் உள்ளே தள்ளப்பட்டுக் கடைசியில் இறங்குகிறார். கடைசியில் ஏறியவர் கதவோரம் நின்று முதலில் இறங்குகிறார். வரிசையில் முந்தியதெல்லாம் வீண். சேலையூரார் மட்டும் இதில் ஏமாறுவதில்லை. பேருந்து காலியாகவே இருந்தாலும் அவர் வாசலை விட்டு நகரமாட்டார். “உள்ள போங்க சார்” என்றால், “அடுத்ததுல எறங்கணும்” என்பார். அடுத்தது விமானம். மின்சார ரயிலின் ஃபுட்போர்டு இங்கே ஒரு கலையாக எஞ்சியிருக்கிறது.

மேலைநாட்டார் இத்துறையில் பின்தங்கியே உள்ளனர். ஜேசன் ஸ்டெஃபன் என்ற வானியற்பியலாளர் 2008-இல், பயணிகள் விமானம் ஏறும் முறையைக் கணினியில் கணக்கிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். விண்மீன்களை விட்டுவிட்டு அவர் இதற்கு வந்தது, வானத்தைவிட விமான வாசல் சிக்கலானது என்பதற்குச் சான்று. பின்வரிசை ஜன்னலோரத்தார் முதலில், அதுவும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக; பிறகு நடு இருக்கை; கடைசியில் நடைபாதையோரம். இதுவே விரைவான முறை என்றார். பின்பகுதியாரை மொத்தமாக முதலில் அனுப்பும் வழக்கமான ஏற்பாட்டைவிட, யாரும் எப்படியும் ஏறட்டும் என்று விட்டுவிடுவதே மேல் என்பதும் அக்கணக்கில் தெரிந்தது. தாம்பரம் நடைமேடை இதைக் கணினி இல்லாமலே அறியும். அவர் கணக்கில் விடுபட்டது அத்தை. கணவர் முதல் அணியிலும் மனைவி அடுத்த அணியிலும் ஏற, அத்தையைக் கடைசியில் தனியே வரச் சொல்லும் ஒரு முறையைக் கேம்ப் ரோட்டில் யாரும் முன்மொழியத் துணியார்.

அத்தை வந்துவிட்டதால் இனி இடம் மாற்றிக் கேட்டல். இது மூன்று உறுப்புடையது. முதலாவது காப்பு: “சார், தப்பா நெனச்சுக்காதீங்க.” இரண்டாவது உறவுரை: “நாங்க ஃபேமிலியா வந்திருக்கோம்.” மூன்றாவது வேண்டுகோள், இது வாயால் சொல்லப்படுவதில்லை, புன்னகையோடு நின்றுகொண்டே இருத்தல்.

கேட்டால் கொடுக்கலாமா என்பதில் உரைகாரர்கள் மாறுபடுகின்றனர். ‘கூடாது, கூடுதல் பணம் கட்டியது’ என்பது ஜன்னலோர உரை (காண்க: ஜன்னலைப் பார்த்தபடியே கூறியது, முகம் திருப்பவில்லை). ‘கொடுக்கலாம், ஜன்னல் கிடைக்குமாயின்’ என்பது நடைபாதையோர உரை (காண்க: மதுரை விமானத்தில் வாய்மொழியாக, சாண்ட்விச்சுக்கு முன், சாண்ட்விச்சுக்குப் பின் கருத்தை மாற்றிக்கொண்டார்). நடு இருக்கையார் எழுதிய பேருரை நமக்குக் கிட்டவில்லை. இருபுறமும் கைப்பிடி பறிபோனதால் முழங்கையை அசைக்க இடமின்றி அது முதல் வரியோடு நின்றது என்பர் (காண்க: நடு இருக்கையாரின் மைத்துனர், ‘ஒரு நிமிஷம் எழுந்திருங்க’, கைப்பிரதி, வாந்திப் பையின் பின்புறம், திருத்திய இரண்டாம் பதிப்பு அதே பையின் முன்புறம், மூன்றாம் பதிப்புக்குள் பை வேறு காரியத்துக்குப் பயன்பட்டுவிட்டது).

எடுத்துக்காட்டு. தாத்தா 9ஏ, பாட்டி 17இ. இருவரையும் சேர்க்க, 9பி-யில் இருப்பவர் 17-க்கு வரவேண்டும். அவர் வருவார், ஆனால் நடு இருக்கை ஆகாது. ஆகவே 17டி எழுந்து 22-க்குப் போகவேண்டும். 22-இல் இருப்பவருக்குத் தம் நண்பரை விட்டுவர மனமில்லை. ஆகவே நண்பரும் எழுகிறார். பணிப்பெண் “ப்ளீஸ் டேக் யுவர் சீட்ஸ்” என்கிறார். ‘யுவர்’ என்பது எது என்பதுதான் அப்போது விவாதத்தில் இருக்கிறது. எல்லோரும் நகர்ந்து, பைகளும் நகர்ந்து, பாட்டியைக் கூப்பிடப் போனால், “நான் இங்கியே இருக்கேன்டா. இவங்க நாத்தனார் செம்பாக்கத்துலதான் இருக்காங்களாம்” என்கிறார். பழைய உரைகாரர் எவரும் இந்த இடத்துக்கு உரை எழுதாமல் ‘வெளிப்படை’ என்று கடந்து சென்றனர்.

தரையிறங்கியதும் எழுந்து, பெட்டிக்கடியில் கழுத்தை மடித்து நிற்பது பற்றித் தனி நூல் வரும், நிதி வந்தால்.

பின்னிருந்து முன்னாக ஒழுங்காக நிரம்பும் அரங்கு தமிழ்நாட்டில் உண்டா என்று தேடியதில் ஒன்றே கிடைத்தது. அது கல்லூரிக் கருத்தரங்கம். அறிஞர்கள் வாசல் பக்கம் கடைசி வரிசையில் தொடங்கி அமைதியாக அமர்கின்றனர். எவரும் ஓடுவதில்லை, எவரும் இடம் மாற்றிக் கேட்பதில்லை. சான்றிதழும் சாப்பாட்டு டோக்கனும் பின்பக்க மேசையில் தரப்படுவதைக் காரணமாகக் கூறுவர் சிலர், அதையும் மறுக்கிறோம். முன்வரிசை காலியாக இருக்கும். அங்குள்ள சோபாவில் மட்டும் ஒரு வெள்ளைத் துண்டு போட்டிருக்கும். தலைமை தாங்குபவர் இன்னும் பல்லாவரம் தாண்டவில்லை.