கொழுப்பு கரைக்கும் மூலிகை மாத்திரை: தொழில் தொடங்குவோருக்கு ஒரு கையேடு

முதலில் ஒரு செடி வேண்டும். எந்தச் செடி என்று ரொம்ப மெனக்கெடாதீர்கள். பெயரைக் கேட்டதும் "எங்க ஆயாவே சொல்லுவாங்களே" என்று வாங்குபவர் தலையாட்டினால் போதும்.

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, எத்தனாலை ஆவியாக்குங்கள். அடியில் பிசுபிசுவென்று தங்குவதுதான் எக்ஸ்ட்ராக்ட். ஆயா கஷாயம் வைத்தது தண்ணீரில்தானே என்று கேட்கிறவரை வேலைக்குச் சேர்க்காதீர்கள்.

அடுத்து 3டி3-எல்1 செல்கள். எலிக்கருவிலிருந்து வந்த இந்த வகையை 1974-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹோவர்ட் கிரீன் குழுவினர் விவரித்தார்கள். இன்சுலின், டெக்ஸாமெத்தசோன், ஐபிஎம்எக்ஸ் மூன்றையும் கலந்து கொடுத்தால், ஒரு வாரம் பத்து நாளில் இவை கொழுப்புத் துளிகளால் நிரம்பிவிடும். ஆயில் ரெட் ஓ என்ற சாயத்தை ஊற்றினால் தட்டே செக்கச்செவேல் என்றாகும். உங்கள் சாறு சேர்த்த தட்டு மட்டும் வெளிறிக் கிடக்கும். உடனே படம் எடுங்கள். இனி அந்தப் படம்தான் உங்கள் மூலதனம். செத்துப்போன செல்லும் கொழுப்பு சேர்க்காது என்பதால், நேர்மையான ஆய்வாளர்கள் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று தனியே சோதிப்பார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

தட்டில் செல்லின் மேல் நேராக ஊற்றியது, விழுங்கினால் குடலையும் கல்லீரலையும் தாண்டிப் போக வேண்டும். மஞ்சளில் உள்ள குர்குமின் இரத்தத்தில் சேர்வதே மிகச் சொற்பம். லேபிளில் இதற்கு இடம் இருக்காது.

"பிபிஏஆர்-காமாவைக் கட்டுப்படுத்தும்" என்று ஒரு வரி போடுங்கள். கொழுப்புச் செல் உருவாவதற்கு அந்தப் புரதம்தான் முக்கிய சுவிட்ச். சங்கடம் என்னவென்றால், சர்க்கரை நோயாளிகள் விழுங்கும் பியோகிளிட்டசோன் அதே சுவிட்சைப் போடுகிற மருந்து. புதுக் கொழுப்புச் செல்கள் உருவாகி, கொழுப்பு அங்கே போய்ச் சேர்வதும் அது சர்க்கரையைக் குறைக்கும் வழிகளில் ஒன்று. கொழுப்புச் செல்லே போதாமல் பிறக்கிறவர்கள் ஒல்லியாகத் தெரிவார்கள். ஆனால் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் படிந்து, கடுமையான சர்க்கரை நோய் வரும். ஆக, நீங்கள் விற்கப்போவது வேலை செய்தால்தான் ஆபத்து. நல்லவேளை, அந்தக் கவலை அநேகமாக உங்களுக்கு இராது.

வாங்குபவர் நடுவயதுக்காரர், அவர் உடலில் கொழுப்புச் செல்கள் ஏற்கெனவே உருவாகிவிட்டன என்பதையும் மறந்துவிடுங்கள். சுவீடனின் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ந்தவர் உடலில் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறுவதில்லை. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு செத்து, அதே அளவு புதிதாக வருகிறது. எடை இறங்கினால் செல் சுருங்குமே தவிர எண்ணிக்கை குறையாது.

மனிதர்களிடம் சோதிக்கும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் மீன் குழம்புக்குப் போடும் குடம்புளி தெரியுமல்லவா? அதிலுள்ள ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம், உடல் கொழுப்பு தயாரிக்க உதவும் ஒரு நொதியைத் தடுக்கும். ஆய்வகத்தில் பிரமாதம். 1998-இல் நியூயார்க்கில் ஸ்டீவன் ஹேம்ஸ்ஃபீல்டு குழு 135 பேரிடம் 12 வாரம் சோதித்தது. குடம்புளி மாத்திரை சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ இளைத்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ. இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை என்பது ஆய்வின் முடிவு. இரு தரப்புக்கும் பத்திய உணவு கொடுத்திருந்தார்கள். இளைக்க வைத்தது அதுதான், ஆனால் பத்தியத்தை டப்பாவில் அடைத்து விற்க முடியாதே. குடம்புளிச் சாறு மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. மீன் குழம்பின் மேல் அப்படிப் புகார் இல்லை.

கடைசியாக விளம்பரம். பருமனைக் குணப்படுத்தும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை.